சென்னையில் நகரியல் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்தவர்கள், சிவில் முடித்துவிட்டு வேலை பிடிக்காமல் இருப்பவர்கள், பி.ஏ. படித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கல்லூரிகளின் கையேட்டில் இருப்பதை மறுபடி எழுதவில்லை. கட்டணம், கடைசித் தேதி போன்றவை ஆண்டுதோறும் மாறும். அவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் பாருங்கள்.

நகரியலும் நகரமைப்பும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பத்தோடு சேர்ந்தவர்கள்தான் முதல் செமஸ்டரிலேயே முகம் சுளிக்கிறார்கள். நகரமைப்பு என்பது தொழில்சார் படிப்பு. எந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும், சாலை எவ்வளவு அகலம், மழைநீர் எந்த வழியாகப் போகும், பத்தாயிரம் பேர் குடிவந்தால் எத்தனை பள்ளிக்கூடம் தேவை என்று திட்டம் போடுவது அதன் வேலை. பி.பிளான் என்ற இளநிலை, எம்.பிளான் என்ற முதுநிலைப் பட்டங்கள் இந்த வகை. நகரியல் சமூக அறிவியலின் பக்கம் நிற்பது. அந்தத் திட்டத்தால் யாருக்கு லாபம், யார் வீடு போனது, நகரத்தில் நிலத்தின் விலை ஏன் இப்படி ஏறுகிறது, மாநகராட்சிக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று அது கேட்கும்.

நடைமுறையில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துதான் கிடக்கின்றன. எம்.பிளான் படிக்கும்போதும் சமூகவியல் உண்டு, எம்.ஏ. படிக்கும்போதும் வரைபடம் உண்டு. ஆனால் சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறது என்பது வேலைக்குப் போகும்போது பெரிய வித்தியாசம். அரசின் நகரமைப்புப் பணிகளுக்கு நகரமைப்புப் பட்டம் கேட்பார்கள், நகரியலில் எம்.ஏ. வைத்திருந்தால் அங்கே கதவு பெரும்பாலும் திறக்காது. இதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சென்னையில் எங்கே படிக்கலாம்?

நகரமைப்புக்கு முதலில் சொல்ல வேண்டியது அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி. எல்லோரும் ‘சாப்’ என்பார்கள். கிண்டி வளாகத்திலேயே இருக்கிறது. பக்கத்திலிருக்கும் கிண்டி பொறியியல் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரை அளப்பதில்தான் இந்த வளாகத்தின் வரலாறே ஆரம்பிக்கிறது.

‘நகரியல்’ என்றே பெயர் போட்ட முதுகலை தேடினால் சென்னையைத் தாண்டிப் பார்க்க வேண்டியிருக்கும். டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தில் நகரியல் எம்.ஏ., மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் நகரக் கொள்கையும் ஆளுகையும் பற்றிய எம்.ஏ. ஆகியவை தெரிந்த பெயர்கள். பெங்களூரில் ஐ.ஐ.எச்.எஸ். என்ற நிறுவனம் எந்தத் துறையிலிருந்து வருபவர்களையும் சேர்த்துக்கொண்டு நகரம் பற்றிய பயிற்சி தருகிறது.

சென்னையிலேயே இருக்க வேண்டும் என்றால் சுற்று வழி உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் வளர்ச்சியியல் எம்.ஏ. எடுத்து ஆய்வேட்டை நகரத்தைப் பற்றி எழுதலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் எடுக்கலாம். எழும்பூரில் மெட்ராஸ் சமூகப் பணிப் பள்ளி இருக்கிறது. முனைவர் பட்டம் என்றால் அடையாறில் எம்.ஐ.டி.எஸ். என்ற வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், 1971-இல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கியது. பட்டத்தின் பெயரில் ‘நகரம்’ என்ற சொல் இல்லாமல் போனால் ஒன்றும் குறைந்துவிடாது; என்ன எழுதினீர்கள் என்பதைத்தான் பிறகு பார்ப்பார்கள்.

பிளஸ் டூ முடித்தவுடன் சேர வழி உண்டா?

உண்டு. பி.பிளான் நான்கு ஆண்டுப் படிப்பு. பிளஸ் டூவில் கணக்கு இருக்க வேண்டும். ஜே.இ.இ. மெயின் தேர்வில் இதற்கென்றே இரண்டாம் தாளின் ‘பி’ பிரிவு இருக்கிறது. டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய மூன்று ஊர்களில் உள்ள மத்திய அரசின் எஸ்.பி.ஏ. என்ற திட்டமிடல், கட்டடக்கலைக் கல்வி நிறுவனங்களுக்கு அந்தத் தாள்தான் வழி. சென்னைக்காரர்களுக்கு விஜயவாடா ஓரிரவுப் பயணம் கூட இல்லை. ஆனாலும் நம் பிள்ளைகள் அதிகம் விண்ணப்பிப்பதில்லை, ஏனோ. பெரும்பாலான வீடுகளில் இப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியாது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

நான் பி.ஏ. பொருளாதாரம். எம்.பிளானில் எனக்கு இடம் உண்டா?

நேரடியாகக் கஷ்டம். பி.ஆர்க்., பி.பிளான், பி.இ. சிவில் ஆகியவைதான் வழக்கமான வாசல். பல நிறுவனங்கள் பொருளாதாரம், சமூகவியல், புவியியல் படித்தவர்களையும் எடுக்கின்றன, ஆனால் முதுகலை முடித்திருக்க வேண்டும் என்பார்கள். அப்படி வருபவர்களுக்கு முதல் ஆறு மாதம் வரைபடம் போடுவதில் மூச்சு முட்டும். அதன்பிறகு அவர்கள்தான் வகுப்பில் நல்ல கேள்விகள் கேட்பார்கள்.

நுழைவுத் தேர்வு?

அண்ணா பல்கலைக்கழக வழி சேர எம்.பிளானுக்கு முன்பு டான்செட் இருந்தது. 2023 முதல் எம்.இ., எம்.டெக்., எம்.ஆர்க்., எம்.பிளான் எல்லாவற்றுக்கும் சீட்டா என்ற தேர்வு. தேசிய அளவிலான ‘கேட்’ தேர்வை எழுதியிருந்தால் அதுவும் உதவும். அதில் கட்டடக்கலையும் திட்டமிடலும் சேர்ந்த தனித்தாள் இருக்கிறது.

எனக்கு வரைய வராது. பரவாயில்லையா?

பரவாயில்லை. கோடு நேராக வருவதற்குக் கணினி இருக்கிறது.

வகுப்பில் என்னதான் நடக்கும்?

கோட்பாடு, நகரமைப்பு வரலாறு, போக்குவரத்து, வீட்டுவசதி, சட்டம், புள்ளியியல் என்று தாள்கள் இருக்கும். அவை தேர்வுக்குப் படிப்பவை. உண்மையான படிப்பு ‘ஸ்டுடியோ’வில். ஒரு பகுதியையோ ஒரு ஊரையோ கையில் கொடுத்து, செமஸ்டர் முழுக்க அதை ஆராய்ந்து திட்டம் போடச் சொல்வார்கள். வீடு வீடாகப் போய் கணக்கெடுப்பது, சிக்னலில் நின்று வண்டி எண்ணுவது, ஒவ்வொரு கட்டடத்திலும் கீழே கடையா மேலே வீடா என்று குறித்துக்கொண்டு தெருத் தெருவாக நடப்பது, பிறகு இரவு முழுக்க உட்கார்ந்து அதையெல்லாம் வரைபடத்தில் ஏற்றுவது. அப்புறம் மறுநாள் காலையில் வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “இந்த ஏரி எங்கே?” என்று கேட்பார். வரைபடத்தில் காலி இடமாக விட்டிருப்பீர்கள்.

சட்டத் தாளை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம் 1920, தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் 1971, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அரசியல் சட்டத்தில் இடம் கொடுத்த 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது திருத்தம், 2014-இன் தெருவோர வணிகர் சட்டம், 2019-இன் கட்டட விதிகள். இவற்றைப் படித்தவருக்கு ஊர் வேறு மாதிரி தெரியும். தி.நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பாகத் திட்டமிட்ட பகுதி அது. அங்கே விதியை மீறி அடுக்குமாடிக் கடைகள் எழுந்தன. 1998-இல் 1971 சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, கட்டணம் வாங்கிக்கொண்டு மீறல்களை வரன்முறைப்படுத்த வழி செய்தார்கள். ரங்கநாதன் தெருவின் நெரிசலில் நிற்கும்போது இந்தப் பிரிவு நினைவுக்கு வந்தால் நீங்கள் படித்தது வீண்போகவில்லை.

டெல்லி, அகமதாபாத் போனால் இன்னும் நல்லதில்லையா?

நல்ல இடங்கள், சந்தேகமில்லை. டெல்லி எஸ்.பி.ஏ.வுக்கும் 1962-இல் தொடங்கிய அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்துக்கும் பெயர் இருக்கிறது, பழைய மாணவர்கள் எங்கும் இருக்கிறார்கள். கிடைத்தால் போங்கள். ஆனால் ஒன்றைக் கணக்கில் வையுங்கள்: எந்த நகரத்தில் படிக்கிறீர்களோ அந்த நகரம்தான் உங்கள் ஆய்வுக்கூடம். இரண்டு ஆண்டு அதில் நடந்திருப்பீர்கள், அதன் அலுவலகங்களில் காத்திருந்திருப்பீர்கள், அதன் அதிகாரிகள் பெயர் தெரிந்திருக்கும். பிறகு தமிழ்நாட்டில் வேலை பார்க்கப்போகிறீர்கள் என்றால் அந்த இரண்டு ஆண்டு எங்கே கழிந்தது என்பது முக்கியம்.

பாடம் கற்கச் சென்னையில் ஊர் முழுக்க உதாரணம். பறக்கும் ரயிலை எடுங்கள். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 2007-இல் வேளச்சேரி வரை வந்தது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு மிச்சம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். அதில் சில நூறு மீட்டருக்கு நிலம் எடுப்பதில் வந்த வழக்குகளால் ஆண்டுக்கணக்கில் பணி தொங்கியது. தூண்களைப் பக்கிங்காம் கால்வாயில் நட்டார்கள், ஏனென்றால் அங்கே நிலம் எடுக்க வேண்டியதில்லை. பிரம்மாண்டமான நிலையக் கட்டடங்களைக் கட்டினார்கள், மாடிகள் காலியாகவே கிடந்தன. நிலம், நீர்வழி, போக்குவரத்து, துறைகளுக்கு இடையிலான ஒருங்கிணைப்பு என நான்கு தாள் இந்த ஒரே பாதையில் இருக்கிறது.

கிளாம்பாக்கம் இன்னொன்று. 2002-இல் கோயம்பேட்டுக்குப் பேருந்து நிலையம் வந்தபோது அது ஊருக்கு வெளியே என்று திட்டினார்கள். ஊர் அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது. 2023 டிசம்பர் 30-இல் தென்மாவட்டப் பேருந்துகளுக்குக் கிளாம்பாக்கம் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுகிறது, திறந்த அன்று அங்கே ஒரு ரயில் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு இறங்கும் ஒரு குடும்பம் அங்கிருந்து வட சென்னையின் வியாசர்பாடிக்குப் போக என்ன செலவாகிறது, எவ்வளவு நேரமாகிறது என்று கணக்குப் போட்டாலே ஓர் ஆய்வுக் கட்டுரை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் படிப்புதானே? நம் ஊருக்குப் பொருந்துமா?

கோட்பாட்டுப் புத்தகங்களில் பாதி சிகாகோவையும் லண்டனையும் சுற்றித்தான் வரும், அது உண்மை. ஆனால் இந்தத் துறையின் ஆரம்ப அத்தியாயங்களில் ஒன்று நடந்ததே நம் பக்கம்தான்.

பேட்ரிக் கெடிஸ் ஸ்காட்லாந்துக்காரர், அடிப்படையில் உயிரியல் படித்தவர். நகரங்களைப் பற்றிய பெரிய கண்காட்சி ஒன்றைத் தொகுத்து வைத்திருந்தார். 1914-இல் சென்னைக்குப் புறப்பட்டார். வரைபடங்களும் படங்களும் வேறொரு கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு போட்டதே, அதே எம்டன். நண்பர்கள் மறுபடி படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தது. பிறகு மதுரை, தஞ்சாவூர் என்று போய் அறிக்கை எழுதினார்.

அந்த அறிக்கைகளில் அவர் சொன்னதுதான் இன்றும் பாடம். பழைய தெருக்களை இடித்து நேராக அகலச் சாலை போடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். முதலில் நடந்து பார், எந்த வீடு உண்மையிலேயே வாழத் தகுதியற்றது என்று கண்டுபிடி, அதை மட்டும் எடு, அங்கே ஒரு மரமோ முற்றமோ வரட்டும், குளத்தை மூடாதே என்றார். செலவும் குறையும், குடியிருப்பவர்களும் போக வேண்டியதில்லை. 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் சமூகவியலுக்கும் குடிமையியலுக்கும் துறை தொடங்கி அவரையே முதல் பேராசிரியர் ஆக்கியது.

நாம் அவர் பேச்சைக் கேட்டோமா? சில ஆண்டுகளிலேயே மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து தி.நகரை உருவாக்க ஆரம்பித்தார்கள். நுங்கம்பாக்கம் ஏரியில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. அந்தப் பகுதிக்கு இன்னும் லேக் ஏரியா என்றுதான் பெயர்.

களப்பணி கஷ்டமா?

வெயிலும் நடையும் பழகிவிடும். மனிதர்களிடம் பேசுவதுதான் கஷ்டம்.

கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஓ.எம்.ஆர். பக்கத்துக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்த வேகம் கூடியது. ஆற்றங்கரை ஆபத்து என்று எடுத்தவர்களைக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம் இருக்கிறது. உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது அது. மழைக்காலத்தில் நீர் அங்கேதான் போகும். இந்த முரண் எல்லோருக்கும் தெரிவதால், நகரம் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் பெரும்பாக்கத்துக்கே போகிறார்கள். அங்கிருப்பவர்கள் கேள்வித்தாள் நிரப்பி நிரப்பிக் களைத்துப் போயிருக்கிறார்கள். “போன வருஷமும் வந்தாங்க, எழுதிட்டுப் போனாங்க” என்று யாராவது சொன்னால் கோபப்படாதீர்கள்.

அதனால் என் யோசனை: ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வியோடு போகாதீர்கள். வீட்டு வாடகை எவ்வளவு, எத்தனை பேர் என்பதெல்லாம் பழைய அறிக்கைகளில் இருக்கும். அங்கிருந்து வீட்டு வேலைக்கு மயிலாப்பூர் போகும் அக்கா காலை எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எந்தப் பேருந்து, எத்தனை மாற்றம் என்று கேளுங்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால் விட்டுப்போன வேலை எதையாவது மறுபடி பிடித்தார்களா, சேமித்த காசு எங்கே போகிறது என்று கேளுங்கள். வயதுக்கேற்ப அம்மா, அண்ணா என்று கூப்பிட்டுப் பேசுங்கள். பெயரையும் கதவு எண்ணையும் எழுதினால் எதற்கு என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். முடித்த பிறகு அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் நான்கு பக்கம் அடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

ஆங்கிலம் எனக்குச் சுமார்தான்.

பாடமும் ஆய்வேடும் ஆங்கிலத்தில்தான், அதைத் தவிர்க்க முடியாது. தினம் கொஞ்சம் படித்தால் இரண்டாம் செமஸ்டரில் சரியாகிவிடும். ஆனால் தமிழ் நன்றாகத் தெரிவது இந்தத் துறையில் கூடுதல் பலம். பட்டா, சிட்டா, அடங்கல், புறம்போக்கு, நத்தம், கிராம வரைபடம் எல்லாம் தமிழில். அரசாணைகளில் பல தமிழில். வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் பேச்சு தமிழில். ஆங்கிலப் பள்ளியில் படித்து வந்தவர்கள் ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்றால் விழிப்பார்கள், அப்போது உங்களிடம்தான் வருவார்கள்.

என்ன மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும்?

வரைபடம் தயாரிக்கும் கியூ.ஜி.ஐ.எஸ். இலவசம், அதில் ஆரம்பியுங்கள். ஆட்டோகேட், எக்செல் வேண்டும். மற்றவை சேர்ந்த பிறகு வந்துவிடும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும் வசதி உண்டு. ஒரு ஏரி இருபது ஆண்டில் எப்படிச் சுருங்கியது என்று அதில் பார்த்துவிடலாம்.

தரவுகள் எங்கே கிடைக்கும்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதல் இடம். சிக்கல் என்னவென்றால் 2021-இல் எடுத்திருக்க வேண்டியதை எடுக்கவில்லை, அதனால் இன்னமும் 2011 எண்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. சென்னைக்கு இதில் கூடுதல் தலைவலி: 2011 கணக்கெடுப்பு பழைய மாநகராட்சி எல்லைக்கு ஏறத்தாழ 46 லட்சம் பேர் என்கிறது. அதே ஆண்டில்தான் எல்லை 426 சதுர கிலோமீட்டராக விரிந்து, 155 வார்டுகள் 200 ஆயின. விரிந்த எல்லைக்குக் கணக்குப் போட்டால் 67 லட்சத்துக்குப் போகிறது. எந்த எல்லை என்று சொல்லாமல் சென்னையின் மக்கள்தொகையை எழுதுபவரின் கட்டுரையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

நிலப் பயன்பாட்டுக்கு சி.எம்.டி.ஏ. என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இணையதளம். அலுவலகம் எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகை. 2008-இல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 1,189 சதுர கிலோமீட்டருக்குப் போட்டது. 2022-இல் பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக்க அரசாணை வந்தது. பழைய வரைபடம், நகராட்சி அறிக்கைகளுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணி ரோஜா முத்தையா நூலகம். இதிலும் கிடைக்காதது தகவல் உரிமைச் சட்ட மனுவில் கிடைக்கலாம். மனுவைச் சீக்கிரம் போடுங்கள், பதில் வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.

சொந்த ஊர் திண்டுக்கல். சென்னையைப் பற்றியே எழுத வேண்டுமா?

வேண்டாம், தயவுசெய்து. 2011-லேயே தமிழ்நாட்டில் 48 விழுக்காட்டுக்கு மேல் நகர்ப்புற மக்கள். 25 மாநகராட்சிகள் இருக்கின்றன. ஆய்வுகள் மட்டும் சென்னையிலும் கொஞ்சம் கோவையிலும் குவிகின்றன. உங்கள் ஊரில் பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றியிருந்தால், பழைய நிலையத்தைச் சுற்றியிருந்த பூக்கடையும் டீக்கடையும் என்னவாயின என்று எழுதுங்கள். அதற்கு உங்களைவிடத் தகுதியானவர் வகுப்பில் யாரும் இருக்க மாட்டார்கள்.

வேலை கிடைக்குமா?

எம்.பிளான் என்றால் சி.எம்.டி.ஏ., நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.), டி.என்.பி.எஸ்.சி. வழியாக வரும் நகரமைப்புப் பணியிடங்கள். எல்லா ஆண்டும் அறிவிப்பு வராது, அதனால் இதை மட்டுமே நம்பி உட்காராதீர்கள். முழுமைத் திட்டம், மெட்ரோ, வெள்ளத் தடுப்பு போன்றவற்றுக்கு அறிக்கை எழுதும் ஆலோசனை நிறுவனங்களில் வேலை எளிதாகக் கிடைக்கிறது. நேரம் காலம் பார்க்காத வேலை. ஐ.டி.டி.பி. போன்ற போக்குவரத்து அமைப்புகள், சி.ஏ.ஜி. போன்ற நுகர்வோர் அமைப்புகள் சென்னையில் இருக்கின்றன. எம்.ஏ. படித்தவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கமும், ஆராய்ச்சி, பத்திரிகைப் பக்கமும் போகிறார்கள்.

ரியல் எஸ்டேட்காரர்களும் கூப்பிடுவார்கள். ‘டி.டி.சி.பி. அப்ரூவ்டு’ என்று விளம்பரம் போட யாராவது லே-அவுட் வரைய வேண்டுமே. சம்பளம் நன்றாக இருக்கும். போகக்கூடாது என்று சொல்ல மாட்டேன். பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் எப்படி நைசாக மூலையில் இருக்கும் பள்ளத்துக்குப் போகிறது என்பதை உள்ளேயிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஆரம்பச் சம்பளத்தை மென்பொருள் வேலை பார்க்கும் பள்ளித் தோழனோடு ஒப்பிட்டால் தூக்கம் கெடும்.

இந்திய நகரமைப்பாளர் நிறுவனத்தில் உறுப்பினர் ஆக வேண்டுமா?

1951-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் உறுப்பினர் தகுதியைச் சில வேலை அறிவிப்புகளில் கேட்பார்கள். படிப்பு முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள், பிறகு மறந்துபோகும்.

சேர்வதற்கு முன் இது எனக்குப் பிடிக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் தெருவின் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். சி.எம்.டி.ஏ. எல்லைக்குள் என்றால் அந்த இடம் எந்த நிலப் பயன்பாட்டில் வருகிறது என்று இணையதளத்தில் பாருங்கள், வெளியே என்றால் உள்ளூர் நகரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். பிறகு இறங்கி நடந்து, உண்மையில் என்ன இருக்கிறது என்று வீடு வீடாகக் குறியுங்கள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கால்வாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று அதன் பின்னாலேயே போங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். மூன்றாவது ஞாயிறும் யாரும் சொல்லாமல் கிளம்பினீர்கள் என்றால் விண்ணப்பப் படிவம் வாங்குங்கள்.